கூட்டுச் சந்தையும் ஓடைப்பட்டிப் பந்தலும்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் வாக்கு. அதை மறுப்பதற்காக நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. அந்தக் கோடி நன்மையில் எவருக்கு எத்தனை பங்கு, கூடுவதற்கு ஆகும் செலவை எவர் தலையில் சுமத்துகிறார்கள் என்னும் கணக்கைக் கேட்கவே எழுதுகிறோம். கணக்குக் கேட்பவனைக் கூட்டுறவின் பகைவன் என்று தூற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், கணக்கில்லாத கூட்டு எந்த ஊரில், எந்தக் கடைத் தெருவில் நிலைத்திருக்கிறது?

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் கூடிய ஆசியான் மாநாடு, கிழக்குத் திமோரைத் தன் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்த்துக்கொண்டது. 2011-இல் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதினான்கு ஆண்டுகள் வாசலில் காத்திருந்த சிறிய நாடு அது. 2024 மார்ச்சில் சோமாலியா, கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் எட்டாவது உறுப்பு நாடாயிற்று. 2023-இல் நம் அண்டை நாடான இலங்கை, பதினைந்து நாடுகள் அடங்கிய ஆர்செப் கூட்டாண்மையில் சேர விண்ணப்பித்தது. ஒவ்வொரு முறையும் கொடிகள் ஏறுகின்றன, கைகுலுக்கல்கள் நடக்கின்றன, படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. சேர்ந்த நாட்டின் உழவனும் சிறு வணிகனும் அப்படத்தில் இருப்பதில்லை.

இவை எங்கோ நடக்கும் அரசர் காரியங்கள், தேனி மாவட்டத்து ஓடைப்பட்டிக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்று கேட்போர் உண்டு. உறவு மிக நெருங்கியது. உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பள்ளத்தாக்கின் மேற்கே மலையேறினால் ஏலமும் மிளகும், கீழே போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம், வழியெங்கும் தென்னந்தோப்புகள். திராட்சை, மிளகு, ஏலம், தேங்காய் ஆகிய இந்த நான்கும் எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்பதைப் பொறுத்து விலை ஏறியும் இறங்கியும் ஆடும் பொருள்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இச்சரக்குகளைத் தலைமுறை தலைமுறையாக வாங்கி விற்கும் நம் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கிஸ்மிஸையே எடுத்துக்கொள்வோம். நெய்ச்சோற்றிலும் பாயசத்திலும் நம் பெண்மக்கள் தூவும் அந்த உலர்ந்த திராட்சைக்குப் பின்னே ஒரு கூட்டமைப்பின் வரலாறே இருக்கிறது. 2003-இல் இந்தியா, ஆப்கானிஸ்தானோடு ஒரு சலுகை வணிக ஒப்பந்தம் செய்து, அந்நாட்டின் உலர்பழங்கள் உள்ளிட்ட 38 பொருள்களுக்கு வரிச் சலுகை அளித்தது. 2007-இல் டில்லியில் நடந்த மாநாட்டில் ஆப்கானிஸ்தான் சார்க் அமைப்பின் எட்டாவது உறுப்பு நாடாயிற்று. 2006 முதல் நடைமுறைக்கு வந்திருந்த தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதியான சாஃப்டாவிலும் 2011-இல் இணைந்தது. அதே ஆண்டு மாலத்தீவு மாநாட்டில், மிகப் பின்தங்கிய உறுப்பு நாடுகளுக்கு இந்தியா தன் தடைப் பட்டியலை 480 பொருள்களிலிருந்து 25 ஆகக் குறைத்தது. எஞ்சிய 25-ம் மதுவும் புகையிலையுமே. ஆகவே காபூல், காந்தகார் கிஸ்மிஸ் நம் நாட்டுக்குள் வரியின்றி வரும் உரிமை பெற்றது.

போரால் சிதைந்த ஒரு நாட்டின் உழவனுக்குச் சந்தை கொடுப்பதை நாம் குறை கூறுவோமா? ஒருபோதும் மாட்டோம். அது செய்யத் தக்க அறம். ஆனால், அந்த அறத்தின் செலவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ் வட்டாரத்தில் விதையில்லாத் திராட்சையை உலர்த்திக் கிஸ்மிஸ் ஆக்குகிறார்கள். கிஸ்மிஸ் விலை சரிந்தால் உலர்த்துவது கட்டுபடியாகாது. உலர்த்தாத பழம் பச்சையாகவே லாரி ஏறித் தெற்குச் சந்தைகளை நோக்கி வரும். அந்தப் பழத்தோடு விலைப்போட்டிக்கு நிற்க வேண்டியவன் ஓடைப்பட்டிப் பந்தல்காரன். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, கவாத்துச் செய்து, மழைக்குப் பின் மருந்தடித்து, கிணறு வற்றும் காலத்தில் தண்ணீருக்குத் தவித்து வளர்த்த கொடி அது. அறம் டில்லியில் செய்யப்படுகிறது. அதன் விலையை ஓடைப்பட்டி கொடுக்கிறது. இந்த அநீதியைத்தான் நாம் எடுத்துப் பேசுகிறோம்.

கூட்டமைப்பில் புதிதாகச் சேரும் எந்த நாடும் நான்கு வேலைகளைச் செய்து முடிக்காமல் கையெழுத்திடலாகாது என்பது நம் வாதம். உலகம் கண்ட அனுபவமே இதற்குச் சான்று.

முதலாவது, வாசலுக்குக் காவல். ஒப்பந்தத்தில் உள்ள நாட்டின் பொருளுக்கே சலுகை. வேற்று நாட்டுப் பொருள் அந்த நாட்டின் முத்திரையைக் குத்திக்கொண்டு உள்ளே நுழைதல் கூடாது. இதைத்தான் பிறப்பிட விதி என்கிறார்கள். இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 35 சதவிகித மதிப்புக் கூட்டப்பட்டால் போதும் என்பது அதன் பொது விதி. விளைந்தது என்ன? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பாமாயிலை இலங்கையில் இறக்கி, அங்கே வனஸ்பதியாக்கி, இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் முளைத்தன. அவற்றில் முதலீடு செய்தவர்களில் இந்தியர்களே மிகுதி! இந்திய ஆலைகள் கூக்குரலிட்ட பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இலங்கையின் ஆலைகள் மூடப்பட்டன. இந்தியத் தொழிலுக்கும் அடி, இலங்கைத் தொழிலாளிக்கும் அடி. இரு நாட்டு மக்களும் நட்டப்பட, இடையில் நின்றவன் மட்டும் இலாபம் கண்டான்.

மிளகின் கதையும் அதுவே. ஆசியான் நாடுகளின் மிளகுக்கு இந்தியாவில் ஐம்பது சதவிகிதமும் அதற்கு மேலும் வரி. இலங்கை மிளகுக்கோ ஒரு குறித்த அளவு வரை வரியே இல்லை. அதற்கு மேல் சாஃப்டா வழியாக 8 சதவிகிதம். இத்தனை பெரிய இடைவெளி இருக்கும்போது வியட்நாம் மிளகு கொழும்பைச் சுற்றி வராமல் நேரே வருமா? கேரளத்திலும் கருநாடகத்திலும் மிளகு விவசாயிகள் ஆண்டுக் கணக்கில் முறையிட்டார்கள். கடைசியில் 2018 மார்ச்சில், கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள மிளகின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. பிறப்பிடச் சான்றைத் துருவி ஆராயச் சுங்கத் துறைக்கு அதிகாரம் தரும் தனி விதிகள் 2020 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. வாசலைத் திறந்தது 2000-இல். வாயிற்காவலனை நிறுத்தியது 2020-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மிளகுக்கொடியைப் பிடுங்கி எறிந்தவனுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது, கருவூலக் கணக்கு. வளர்ந்த நாடுகள் வருமான வரியில் வாழ்கின்றன; ஏழை நாடுகள் துறைமுகத்தில் வாழ்கின்றன. சோமாலிய அரசின் சொந்த வருவாயில் பெரும்பங்கு சுங்க வரியே. அந்த நாடு கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தின் பொது வரி முறைக்கு மாறி, கென்யா, உகாண்டா போன்ற உறுப்பு நாடுகளின் சரக்கை வரியின்றி உள்ளே விடும் நாளில், ஆசிரியருக்கும் காவலருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? கிழக்குத் திமோருக்கு வேறு வகை இடர். ஏறத்தாழ பதினான்கு இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டு அரசு, எண்ணெய், எரிவாயு வருவாயில் சேர்த்துவைத்த நிதியை எடுத்தே பெரும்பாலும் செலவு செய்கிறது. எண்ணெயை விட்டால் காப்பிக்கொட்டையே அதன் முதன்மை ஏற்றுமதி. சேமிப்பு கரைவதற்குள் விற்பதற்கு வேறு பொருளை உண்டாக்காவிட்டால், அந்நாடு பதினொரு நாடுகளின் சந்தையில் வாங்குபவனாக மட்டுமே நிற்கும்.

மூன்றாவது, இழப்போருக்கு ஈடு. நம் வாதத்தின் உயிர்நாடி இது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986 ஜனவரி முதல் நாள் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தபோது என்ன நடந்தது? ஸ்பெயினின் பழமும் காய்கறியும் ஒரே நாளில் பாய்ந்துவிடாதபடி பத்தாண்டு இடைக்காலம் வகுத்தார்கள். அது மட்டுமா? புதியவர்களின் வரவால் பாதிக்கப்படக்கூடிய கிரேக்கம், இத்தாலி, பிரான்சின் தென் பகுதி ஆகியவற்றின் உழவர்களுக்காக 1985-இலேயே மத்தியதரைக் கடல் ஒருங்கிணைந்த திட்டங்கள் என்ற பெயரில் தனி நிதி ஒதுக்கினார்கள். திராட்சையும் ஒலிவமும் பயிரிடும் நாடுகள் அவை. ஈடு தராவிட்டால் சேர்க்கைக்கே இசையமாட்டேன் என்று கிரேக்கம் வாதாடியதன் பயன் அது. 2004-இல் போலந்து உள்ளிட்ட பத்து நாடுகள் சேர்ந்தபோது, அந்நாட்டு உழவர்களுக்கான நேரடி உதவித்தொகை பழைய உறுப்பினர் பெறுவதில் 25 சதவிகிதத்தில் தொடங்கி 2013-இல் முழு அளவை எட்ட வகை செய்தார்கள். அதிலும் குறைகள் இருந்தன. முதலில் கால் பங்குதானா என்று அந்நாட்டு உழவர்கள் சினந்தார்கள். ஆயினும், கூட்டால் இழப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அங்கே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கு இந்த நீதி தெரியாதா? நன்றாகத் தெரியும்! 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. மாநிலங்கள் தம் வரிவிதிப்பு உரிமையைப் பொதுவில் வைத்தன. அவற்றின் வருவாய் குறையலாம் என்பதால், 2015–16-ஐ அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 சதவிகித வளர்ச்சியை உறுதி செய்து, ஐந்தாண்டுகள் இழப்பீடு தரத் தனிச் சட்டமே இயற்றினார்கள். சாஃப்டா ஒப்பந்தத்திலும், மிகப் பின்தங்கிய நாடுகளின் சுங்க வருவாய் இழப்பை ஈடு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. ஆக, அரசு இன்னோர் அரசோடு கூடும்போது அரசின் பெட்டிக்கு இழப்பீடு உண்டு. உழவனின் பெட்டிக்கு மட்டும் இல்லை! கருவூலம் வற்றினால் சட்டம் வருகிறது. கொடி வாடினால் அறிவுரை வருகிறது. வேறு பயிருக்கு மாறு என்கிறார்கள். பந்தலுக்குப் போட்ட கல்லையும் கம்பியையும் எந்தப் பயிருக்கு மாற்றுவது?

நான்காவது, சாலையும் தரமும். காகிதத்தில் சேர்ந்தால் சந்தை கிடைத்துவிடும் என்பது மயக்கம். ஆப்கானிஸ்தான் சார்க்கில் சேர்ந்தது. ஆனால், அது கடலற்ற நாடு. அதன் லாரிகள் வாகா எல்லை வரை வந்து சரக்கிறக்கப் பாகிஸ்தான் இசைந்தபோதும், அதே வழியில் இந்தியச் சரக்கு ஆப்கானிஸ்தானுக்குப் போக இசையவில்லை. 2014-இல் காத்மாண்டுவில் கூடிய சார்க் மாநாட்டில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தமும் பாகிஸ்தான் இணங்காததால் நின்றுபோயிற்று. அதற்குப் பின் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. 2017-இல் பழங்களையும் பருப்புகளையும் வானூர்தியில் ஏற்றிவரத் தனி வழி திறந்தார்கள். அண்டை நாட்டுத் திராட்சை ஆகாயத்தில் பறந்து வரவேண்டிய ஒரு கூட்டமைப்பு, கூட்டமைப்புதானா? ஆசியான் நாடுகள் தம் வணிகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தமக்குள்ளேயே நடத்துகின்றன. தெற்காசிய நாடுகளுக்குள் நடப்பதோ இருபதில் ஒரு பங்கே.

தரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாசிக் விவசாயிகள் 1991-இலேயே கூட்டுறவு சங்கங்களை இணைத்து மகாகிரேப்ஸ் என்ற அமைப்பை உண்டாக்கி, குளிர்பதனக் கிடங்கு கட்டி, ஐரோப்பாவுக்குத் திராட்சை அனுப்பினார்கள். அத்தகையோரையே 2010-இல் ஐரோப்பியச் சந்தை தடுத்து நிறுத்தியது. பழத்தில் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஊக்கியின் எச்சம் இருந்ததே காரணம். வரி நீங்கினாலும் ஆய்வுக்கூடத்தின் சீட்டு ஒரு மதில்போல் நிற்கும் என்பதற்கு இது பாடம். அந்த மதிலைத் தாண்ட நாசிக்கே திணறிற்று என்றால், பரிசோதனைக் கூடமும் கிடங்கும் பொதிகட்டும் நிலையமும் போதிய அளவில் கைக்கெட்டாத சிறு பந்தல்காரன் எவ்வாறு தாண்டுவான்? அயல்நாட்டுப் பழம் உள்ளே வருவதற்குச் சாலை உண்டு; நம் பழம் வெளியே போவதற்குச் சாலை இல்லை. இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இந்த நான்கு வேலைகளும் ஏன் நடப்பதில்லை? கேட்கவேண்டியவர்களைக் கேட்காததால்தான். நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மத்தியப் பட்டியலின் 14-ஆம் இனம் அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்தல். மாநிலப் பட்டியலின் 14-ஆம் இனம் வேளாண்மை. எண் ஒன்று, கைகள் இரண்டு. ஒப்பந்தம் போடும் கை உழவைக் காக்கும் கையைக் கலந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நாடாளுமன்றத்தின் முன்னிசைவும் வேண்டியதில்லை. 2009 ஆகஸ்டில் ஆசியானோடு சரக்கு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. பாமாயிலும் மிளகும் காப்பியும் தேயிலையும் அதில் படிப்படியாக வரி குறையும் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று கேரளத்தில் இடதுசாரிகள் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்துக் கண்டனம் தெரிவித்தனர். கையெழுத்துக்குப் பின் கோத்த கைகள் அவை. அந்த ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்து முடிக்க இரு தரப்பும் காலவரை வகுத்தது 2023-இல், பதினான்கு ஆண்டுகள் கழித்து!

கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். பத்து ரூபாய்க் கடனுக்கே சாட்சி வேண்டும் என்றால், பல இலட்சம் குடும்பங்களின் பிழைப்பை மாற்றும் ஒப்பந்தத்துக்குச் சாட்சி வேண்டாமா? பாதிக்கப்படுவோனே அதற்கு முதல் சாட்சி.

நம்மை எதிர்ப்போர் இரு வகையினர். ஒரு சாரார், விலை குறைந்தால் வாங்குவோனுக்கு இலாபம்தானே, அழுவதேன் என்பர். வாங்குவோனும் விளைப்போனும் இரு வேறு சாதியார் அல்லர். கம்பம் பள்ளத்தாக்கில் கிஸ்மிஸ் வாங்கும் குடும்பமே திராட்சையும் விற்கிறது. பந்தலில் கூலி வேலை நின்றால் மலிந்த கிஸ்மிஸை எந்தக் காசு கொடுத்து வாங்குவது? மறு சாரார், எல்லா ஒப்பந்தங்களையும் கிழித்தெறி, கதவைச் சாத்து என்பர். அவர்களோடும் நாம் உடன்படவில்லை. போடியின் ஏலக்காய் அரபு நாடுகளின் கஹ்வாவில் மணந்தது கதவு திறந்திருந்ததால்தான். கடல் கடந்த வணிகத்தில் எழுந்தவை காயல்பட்டினமும் கீழக்கரையும். பூட்டிய வீட்டுக்குள் செழித்த வணிகன் எவனும் இல்லை. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆர்செப் பேச்சிலிருந்து இந்தியா விலகியதைப் பலர் வெற்றி என்று கொண்டாடினர். விலகியதால் காலம் கிடைத்தது; அவ்வளவே. கிடைத்த காலத்தில் கிடங்கும் ஆய்வுக்கூடமும் கட்டாவிட்டால், அடுத்த அழைப்பு வரும்போதும் இதே ஆயத்தமின்மையோடுதான் நிற்போம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எந்தப் பொருளாதாரக் கூட்டிலும் சேருமுன், எந்தப் பயிர், எந்த வட்டாரம், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்ற மதிப்பீட்டை அரசு வெளியிட வேண்டும். டில்லி ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அந்த வட்டார மக்களின் மொழியிலும் வெளியிட வேண்டும். வேளாண்மை தொடர்பான ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் மாநில அரசுகளின் கருத்தைப் பெறுவது சட்டப்படி கட்டாயமாக வேண்டும். வரிக்குறைப்பு அட்டவணைக்குப் பக்கத்திலேயே இழப்பீட்டு அட்டவணை ஒன்றும் அதே ஒப்பந்த நாளில் அறிவிக்கப்பட வேண்டும். மாநில அரசுகளுக்கு ஐந்தாண்டு ஈடு கொடுத்த நாட்டுக்கு, பந்தல்காரனுக்கு ஐந்தாண்டு ஈடு கொடுப்பது இயலாத காரியமன்று.

திமோரின் காப்பி விவசாயியும் சோமாலியாவின் கால்நடை வளர்ப்போனும் ஓடைப்பட்டியின் திராட்சை விவசாயியும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கண்டால், மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எங்கள் பெயரால் கூடினீர்களே, எங்களைக் கேட்டீர்களா? இந்தக் கேள்விக்கு விடை தர இயலாத எந்தக் கூட்டும் நீதியான கூட்டு ஆகாது.